வழிமறித்த நீலத் தொப்பிப் பெரியவருக்கு நன்றி

கலிஃபோர்னியாவில், கூப்பர்டினோவை ஒட்டிய ஃப்ரீமான்ட் ஓல்டர் மலைப்பாதையில் சாயங்காலம் எங்களை வழிமறித்த பெரியவருக்கு நன்றி. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் இந்தப் பக்கம் நாயோடு நடக்கும் நம்மவர்கள் நிறைய இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மணி மோப்பம் பிடித்துப் புதர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். "கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள்" என்றவர் கைத்தடியால் காட்டினார்: காய்ந்த ஓக் இலைக் குவியல், அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த மான் குளம்பு. மலைச்சிங்கம் (பூமா என்கிற பெரிய காட்டுப்பூனை) தின்றது போக மிச்சத்தை இப்படித்தான் மூடி வைக்குமாம்; திரும்பவும் வரும். பக்கத்திலேயே படுத்தும் இருக்கலாம். எனக்கு வியர்த்துவிட்டது, மணிக்கு ஒன்றுமில்லை.

அப்புறம் கார் நிறுத்துமிடம் வரை கூடவே வந்தார். எதிரே வந்தால் ஓடாதே, குனியாதே, முதுகு காட்டாதே; கையைத் தூக்கிப் பெரிதாகத் தெரி, உரக்கக் கத்து; மீறிப் பாய்ந்தால் கையில் கிடைத்ததால் அடி. மனிதரைத் தாக்குவது அபூர்வம்தான், நாய் விஷயம் வேறு. விடியலும் அந்தியும் அதன் நேரம் என்பதால் நாங்கள் இனி காலை ஒன்பதுக்கு மேல்தான் கிளம்புகிறோம்.

ஐயா, மறுபடி பார்த்தால் காபி எங்கள் செலவு.