ரோட்டோரம் யாருடையது? தலைவர் தேர்தலில் நிற்கும் அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த அன்று கூட்டமாக இருந்ததால் நின்று பேச முடியவில்லை. ஊராட்சித் தலைவருக்கு நிற்கும் மூன்று பேரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: நம் ஊரில் சைக்கிளில் போகிறவர்களுக்கு என்ன செய்வீர்கள்? ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் வாங்கித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் ஆற்றங்கரை ரோட்டை அகலப்படுத்துவேன் என்றார். நீங்கள், "அது ஹைவேஸ் ரோடு தங்கச்சி, பஞ்சாயத்து அதுல என்ன பண்ண முடியும்?" என்று கேட்டீர்கள். முடியாததை முடியும் என்று சொல்லாமல் திருப்பிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன்.

முதலில், யார் சைக்கிளில் போகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டுக் கேட்டுப் போகும்போது வண்டி வைத்திருப்பவர்களே கண்ணில் படுவார்கள், மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். விடிவதற்கு முன் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிற பால்காரர், கும்பகோணத்தில் கடை வேலைக்குப் போக மெயின் ரோட்டில் பஸ் பிடிக்கிறவர்கள், பாபநாசம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள். தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு எல்லாச் சமூகத்துக்கும், பையன்களுக்கும் விரிந்தது. பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிற அந்த சைக்கிள் பிளஸ் டூ முடிந்ததும் மூலையில் கிடப்பதில்லை. அம்மாவுக்குப் போகிறது, இல்லையென்றால் தாத்தாவுக்கு. நம் தெருவில் ஓடுகிற சைக்கிள்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசாங்கம் வண்டியைக் கொடுத்துவிட்டது. அது ஓடுவதற்கான ஓரத்தை இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

ஓரம் என்றுதான் சொல்கிறேன். வெளியூர்களில் போல சைக்கிளுக்கென்று தனிப்பாதை கேட்கவில்லை. ஒரு பக்கம் குடமுருட்டி ஆறு, இன்னொரு பக்கம் வயல், நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அளவு தார். இதில் தனிப்பாதைக்கு இடம் ஏது? எதிரே நெல் லோடு லாரி வந்தால் சைக்கிள்காரர் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குகிற இடம் ஒழுங்காக இருந்தால் போதும், முக்கால்வாசி விழுவது குறையும்.

அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று நடந்து போகிறவர்களுக்கே தெரியும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டுகிறார்கள். ரோடு உயர்கிறது, பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. சில இடங்களில் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி இறக்கம். காரில் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. சைக்கிளின் முன்சக்கரம் அந்த விளிம்பில் இறங்கினால் திரும்ப மேலே ஏறாது, ஹேண்டில் திரும்பி ஆள் ரோட்டுக்குள்ளேயே விழுவார். பின்னால் வருகிற லாரிக்கு முன்னால் விழுவார் என்பதுதான் எனக்கு இதில் இருக்கிற பயம். நம்முடையது களிமண் வேறு. கோடையில் விரல் நுழைகிற மாதிரி வெடிக்கும், ஐப்பசி மழையில் வழுக்கும். வயலிலிருந்து வெட்டிய மண்ணை ஓரத்தில் போட்டால் ஒரு மழைக்குத் தாங்காது. கிராவல் கொட்டி ரோலர் விட்டு, தாரின் மட்டத்துக்கு அணைக்க வேண்டும்.

இதைக் கேட்க நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 2021 மே மாதம், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரோடு உயர்ந்து வீட்டுக்குள் மழைத்தண்ணீர் நுழைகிறது என்பதற்காக வந்தது அது. ஆனால் சைக்கிள்காரருக்கும் அதே உத்தரவுதான் காவல். ரோடு வேலை நடக்கிற அன்று தலைவர் அங்கே போய் நின்று, "சுரண்டிட்டுப் போடுங்க, ஓரத்துக்கு கிராவல் அடிங்க, அளந்து பார்த்துட்டுதான் நான் போவேன்" என்று சொன்னால் கான்ட்ராக்டர் காதில் விழும். நான் சொன்னால் விழாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுக்கும் எனக்கும் அந்த இடத்தில்தான் வித்தியாசம்.

அகலப்படுத்துவதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அகலமானால் பஸ் வரும் என்பார்கள். பஸ் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கரையோரம் இருக்கிற மரங்களை வெட்டி ரோட்டை இரண்டு மடங்காக்கினால் முதலில் கூடுவது வேகம். இப்போது வளைவுகளில் பயந்து மெதுவாக வருகிற டிப்பர் அப்போது மெதுவாக வராது. நிழலும் போய்விடும். சித்திரை வெயிலில் மதியம் வேலை முடிந்து திரும்புகிற பெண்களுக்கு அந்த நிழல் சின்ன விஷயமில்லை. மரத்தையும் அகலத்தையும் விட்டுவிட்டு, எதிரெதிரே வருகிற இரண்டு வண்டிகள் ஒதுங்குவதற்கு அங்கங்கே இடம் அமைத்து, ஓரத்தையும் கெட்டிப்படுத்தினாலே பஸ்ஸும் வரலாம், சைக்கிளும் போகலாம். ஹெல்மெட் நல்லதுதான், யாராவது வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் போட்டுக்கொள்ளட்டும். விழுந்த பிறகு தலையைக் காப்பாற்றுவது அது. விழாமல் இருக்க என்ன வழி என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது நெல். இதைச் சொல்லும்போது நம் ஆட்களையே குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், எங்கள் வீட்டிலும் விவசாயம்தான். சம்பா அறுப்பு வரும்போது தை, மாசியில் பாதி ரோடு நெல்தான். மெஷின் அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். சில வருஷம் மழை பார்த்து விதியைத் தளர்த்துவார்கள், அதை நம்பி யாரும் இருக்க முடியாது. அப்போது விவசாயி எங்கே காயவைப்பார்? ரோட்டில்தான் கொட்டுவார். நெல்லின் மேல் வண்டி ஏறக்கூடாதென்று சுற்றிலும் கல் வைப்பார். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகு வருகிற சைக்கிளுக்கு அந்தக் கல் தெரியாது. நெல்லுக்காக ஒதுங்கி எதிர்ப்பக்கம் போனால் எதிரே வருகிற வண்டி.

இதற்கு விவசாயியைத் திட்டிப் பயனில்லை, அபராதம் போடுவது அதைவிட அநியாயம். களம் வேண்டும். நூறு நாள் வேலையில் எத்தனையோ ஊராட்சிகளில் சிமெண்ட் உலர்களம் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் ஒன்று இருக்கிறது, அது ஊரின் மேற்குக் கோடியில். கிழக்கே அறுக்கிறவர் அங்கே சுமந்துகொண்டு போகமாட்டார். கிழக்கே, கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு களம் வந்தால் ரோட்டில் கொட்டுவது தானாகக் குறையும். அதுவரைக்கும், ரோட்டின் ஒரு பக்கம் மட்டும் காயவைப்பது, கல்லுக்குப் பதில் மணல் மூட்டை போடுவது, சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். இதை வெளியிலிருந்து வருகிற அதிகாரி சொன்னால் சண்டை வரும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

தூர்வாரும் மண்ணும் இந்த வகைதான். ஜூன் 12 மேட்டூர் திறக்கிறார்கள் என்றால் அதற்கு முன்னால் அவசர அவசரமாக வாய்க்காலை வாருகிறார்கள். வாரிய சேறு கரையில்தான் குவியும், கரைதான் நமக்கு ரோடு. முதல் மழையில் அது கரைந்து தார் மேல் பரவிவிடும். நம் கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம், மேலே இருக்கிற தார் இன்னொருவர் பொறுப்பு. இரண்டு ஆபீசும் ஒன்றையொன்று கைகாட்டும். இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, வேலை முடிந்து இத்தனை நாளுக்குள் மண்ணை அள்ள வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது தலைவருடைய வேலை.

முழுக்க முழுக்க ஊராட்சியின் கையில் இருப்பவையும் உண்டு. தெருவிளக்கு யாரையும் கேட்காமல் நீங்களே போடக்கூடியது. இப்போது விளக்கெல்லாம் வீடுகள் இருக்கிற இடத்தில் நெருக்கமாக எரிகிறது. மதகுப் பாலத்தில், கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கிற இடத்தில், ஆறு திரும்புகிற வளைவில் ஒன்றுகூட இல்லை. அங்கேதான் விழுகிறார்கள். விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம், நாலு விளக்கை இடம் மாற்றினாலே போதும். அப்புறம் மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் விட ஒரு கொட்டகை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் இலவசம், ஆனால் பஸ் நிறுத்தம் வரைக்கும் வருவது யார் செலவு? சைக்கிளில் வந்தால் பூட்டி நிறுத்த இடமில்லை, டீக்கடை வாசலில் விட்டுப் போனால் திரும்பி வரும்வரை மனசு அடித்துக்கொள்ளும். நாலு கம்பி, மேலே தகரம், ஒரு விளக்கு. மகளிர் குழுவில் ஒருவர் சிறு தொகை வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டால் அது அவருக்கு வருமானமும் ஆகும். உங்கள் குழுவைவிட இதற்குப் பொருத்தமான ஆள் நம் ஊரில் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹைவேஸ் ரோட்டில் பஞ்சாயத்து தாரைத் தொட முடியாது, சரி. ஆனால் அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணை ஊராட்சிகளுக்கு என்று எழுதி வைத்த 29 பொருள்களில் சாலை, சிறுபாலம், பாலம் எல்லாம் இருக்கிறது. கிராம சபை முன்பு வருஷத்துக்கு நாலு தடவை, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு தடவை கூடுகிறது. அதில் போடுகிற தீர்மானம் பெயரும் தேதியும் போட்ட ஓர் ஆவணம். "ஆற்றங்கரை ரோட்டில் இந்த வளைவில், இந்த மதகில், ஓரம் இத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது" என்று படத்தோடு தீர்மானம் போட்டு அனுப்பினால், நாளைக்கு அங்கே ஒருவர் விழுந்தால் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, ரோடு போடுவதில் பாதுகாப்பு விதியை மீறி, அதனால் யாராவது இறந்தாலோ ஊனமானாலோ ரோட்டுக்குப் பொறுப்பானவருக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் கையில் இருக்கிற தலைவருக்கு ஆபீசில் நாற்காலி போடுவார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி வாங்கியது உள்ளாட்சிதான். வரி கட்டிய அடையாளமாக சைக்கிளில் வில்லை மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிடிப்பார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். வரி வாங்குவதற்கு சைக்கிள் பஞ்சாயத்தின் பொறுப்பாக இருந்தது என்றால், அது போகிற பாதையும் பஞ்சாயத்தின் பொறுப்புதானே.

நம் மாவட்டத்தில் கடைசியாக ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, அதற்குப் பிறகு தனி அலுவலரிடம்தான் எல்லாம். விளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட உள்ளூரில் ஆள் இல்லாமல் இருந்தோம். அதனால்தான் வரப்போகிறவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கிறேன். 

உங்கள் பிறந்த வீடு கந்தர்வகோட்டைப் பக்கம் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. 1991இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளிலேயே ஏறி ஓட்டியவர்கள். உங்கள் அம்மாவும் அதில் ஓட்டக் கற்றவர் என்று நீங்கள் ஒருமுறை குழுக் கூட்டத்தில் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களோடு நிற்கிற மற்ற இருவருக்கும் சைக்கிள் என்றால் பள்ளிப் பிள்ளைகள்தான். ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் அவளுக்கு என்னவெல்லாம் திறக்கும் என்று பார்த்து வளர்ந்தவர் நீங்கள்.

உங்கள் நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை, நூலகம் எல்லாம் அதில் இருக்கும். அவற்றோடு கிழக்குக் களம், மதகு விளக்கு, பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் கொட்டகை, முதல் கிராம சபையிலேயே ரோட்டோரத் தீர்மானம் என்று இரண்டு வரி சேர்க்க முடியுமா? தீர்மானத்துக்கு வேண்டிய அளவுகளை எடுத்துத் தர நான் வருகிறேன், டேப் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வசதிப்படும் என்றால் தகவல் சொல்லி அனுப்புங்கள், மதகுப் பாலத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
கீழத்தெரு தங்கை