எங்கட அண்ணாவிமாரும் எழுதவேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

டேவிட் பேர்ன் எண்டு ஒரு பாட்டுக்காரர், ஸ்கொட்லாந்தில பிறந்து நியூயோர்க்கில இருக்கிறவர், டோக்கிங் ஹெட்ஸ் எண்ட ராக் குழுவில பாடின ஆள். 2009ல சைக்கிளைப் பற்றி ஒரு புத்தகமும் 2012ல இசையைப் பற்றி இன்னொண்டும் எழுதினவர். கச்சேரிக்குப் போற ஊர்களுக்கு மடிக்கிற சைக்கிளையும் கொண்டுபோய், அங்க ஓடித்திரிஞ்சு பாத்ததைத்தான் முதலாவதில எழுதியிருக்கிறார்.

எனக்கு நல்லாப் பிடிச்சது இரண்டாவது. பாடுற இடத்துக்கு ஏத்தமாதிரித்தான் பாட்டே உருவாகுது எண்டுறார், வெட்டவெளியில எடுபடுற தாளம் பெரிய கல்லுத் தேவாலயத்துக்குள்ள எதிரொலிச்சுக் குழம்பிப்போகுமாம். வாசிக்கேக்க முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது, மைக் இல்லாத காலத்தில திறந்த வெளியில விடிய விடிய ஆடேக்க கூத்தைப் பழக்கி நடத்துற அண்ணாவியாரின்ர குரலும் மத்தளமும் கடைசியில பாய் விரிச்சு இருக்கிற சனத்துக்கும் கேக்கவேணும் தானே, அந்தப் பாட்டுகள் ஏன் அப்பிடி இழுத்து உச்சத்தில பாடுறதா இருக்குது எண்டு இப்பதான் விளங்குது.

சைக்கிளும் எங்களுக்குப் புதுசில்ல. 90களில பொருளாதாரத் தடையால பெற்றோல் இல்லாமல் கிடந்த வன்னியில நெல்லு, விறகு, வருத்தக்காரர் எல்லாம் சைக்கிளிலதான் போனது. கூத்துக்காரரும் அதிலதான் போய்வந்திருப்பினம், அதை ஆர் எழுதிவைச்சது?

வயசுபோன அண்ணாவிமார், தவில் நாதஸ்வரக் கலைஞர் இப்பவும் இருக்கினம், அவையும் தங்கட அனுபவத்தை இப்பிடி எழுதவேணும். எழுத ஏலாதவையிட்ட ஆள் அனுப்பிக் கேட்டு உங்கட ஞாயிறு பேப்பரில கிழமைக்கு ஒருபக்கம் எண்டாலும் போடுங்கோ ஐயா, கெதியாப் போடுங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
முல்லைத்தீவு