ஃபிரஷர் என்று போட்டு அழைக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐடி நிறுவன ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம். குமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாம் 'நல்லவேளை, நாங்கள் இல்லை' என்று நகர்ந்துவிடுவீர்கள்.

கேட்க வந்தது ஒன்றுதான். பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு 'ஃபிரஷர்', அதாவது முன் அனுபவம் இல்லாத புது ஆள், என்று விளம்பரம் போட்டால் ஃபிரஷரை எடுங்கள். அனுபவம் வேண்டுமென்றால் எத்தனை வருடம் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். ஃபிரஷர் என்று அழைத்துவிட்டு அனுபவம் கேட்கிற கதையெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை, அதனால் நேராகப் போன மாதத்துக்கு வருகிறேன்.

'0 முதல் 1 வருடம், ஃபிரஷர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று போட்டிருந்தீர்கள். விண்ணப்பித்தேன். நேரில் வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. இடம் சென்னை, ஓ.எம்.ஆர். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அப்பாவும் கிளம்பினார். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போயாக வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். சென்னைக்குப் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. இரண்டு நாள் வெட்டு போயிற்று, அதற்கான கூலியும் போயிற்று.

நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலில் முகம் கழுவி, கசங்காமல் நியூஸ்பேப்பருக்குள் மடித்துக் கொண்டுபோன சுடிதாரை மாற்றிக்கொண்டேன். உங்கள் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் அப்பாவை உள்ளே விடவில்லை. அவர்மேல் குறையில்லை, அவருக்கு இட்ட உத்தரவு அது. அப்பா எதிரில் இருந்த டீக்கடை நிழலுக்குப் போனார்.

உள்ளே ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். முதல் கேள்வி, "எத்தனை வருஷம் பி.ஏ.வா இருந்திருக்கீங்க?" பி.ஏ. என்றால் பிசினஸ் அனலிஸ்ட்.

ஃபிரஷர் சார் என்றேன்.

"இல்லம்மா, கிளையண்ட் மூணு வருஷம் கேக்கறாங்க. ஃபிரஷர்னு போட்டிருந்துதா? டெம்ப்ளேட்ல வந்திருக்கும்."

மொத்தம் ஆறு நிமிடம். வெளியே வந்தபோது அப்பா கையில் டீ கிளாஸ் இருந்தது. "டீ ஆறதுக்குள்ள வந்துட்டியே மக்களே" என்றார். நல்லபடியாக முடிந்ததால்தான் சீக்கிரம் வந்தேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். ராத்திரி ரயிலில் வள்ளியூர் வரும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இத போன்லயே கேட்டிருக்கலாம்லா?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

பிசினஸ் அனலிஸ்ட் செய்கிற வேலை என்ன? தேவைப்படுகிறவர் ஒன்று நினைக்கிறார், செய்து கொடுப்பவர் வேறொன்று புரிந்துகொள்கிறார். நடுவில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, இருவருக்கும் ஒரே பொருள் தருகிற மாதிரி எழுதிக் கொடுப்பது. ரெக்கொயர்மென்ட்டில், அதாவது என்ன வேண்டும் என்று எழுதித் தருவதில், ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் வரக்கூடாது, எழுதியதைச் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும் என்று முதல் பாடத்திலேயே படிக்கிறோம். அப்படி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நீங்கள் போடும் விளம்பரத்துக்கே இரண்டு அர்த்தம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பிரஷர் என்றால் அம்மா மாத்திரை போடுகிற வியாதி. உங்கள் விளம்பரங்களைப் படிக்கப் படிக்க ரெண்டும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

இன்னொரு நிறுவனத்தின் விளம்பரம் இதற்கும் மேல். அதிலும் அனுபவம் 0 முதல் 1 வருடம்தான். பிசினஸ் அனலிஸ்ட்களுக்கான சிபிஏபி சான்றிதழ் இருந்தால் முன்னுரிமையாம். அந்தச் சான்றிதழைத் தருகிற ஐஐபிஏ என்ற சர்வதேச அமைப்பு, 7,500 மணி நேரம் இந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதைத் தருகிறது. ஒரு வருடத்துக்குள் 7,500 மணி நேரம் என்றால் தினமும் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்திருக்க வேண்டும், அதுவும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக்கூட லீவு எடுக்காமல். புதிதாக வருகிறவர்களுக்கென்றே அதே அமைப்பு இசிபிஏ என்று ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்கு அனுபவம் கேட்பதில்லை. விளம்பரம் எழுதியவர் கூகுளில் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

அந்த ஆறு நிமிடத்தில் நான் சொல்ல வந்து முடியாமல்போன ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்து ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக்குப் புதிதாக பில்லிங் சாஃப்ட்வேர் வந்தது. செய்தவர் முதலாளியிடம் "எல்லாம் வருமா?" என்று கேட்க, முதலாளி "எல்லாம் வரணும்" என்று சொல்ல, பேச்சு அத்தோடு முடிந்திருக்கிறது. வந்த ஸ்கிரீனில் சரக்கு, எடை, விலை என்று மூன்றே கட்டம். ஆனால் கடைக்கு வருகிற ரப்பர் ஷீட் எல்லாம் நன்றாகக் காய்ந்தா வருகிறது? வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து ஈரத்துக்கு எடை கழிப்பார்கள். சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டிக் காய்ந்துபோன ஒட்டுப்பாலுக்கு வேறு கணக்கு, வேறு விலை. மழைக்காலத்தில் வெட்டு இருக்காது, அப்போது வாங்கிய முன்பணத்தை வெட்டு தொடங்கியதும் ஷீட் கொடுத்துக் கழிப்பார்கள். முன்பணம் என்ற ஒன்றே அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது. இரண்டே வாரத்தில் எல்லாரும் பழைய நோட்டுக்குத் திரும்பினார்கள்.

நான் பத்து நாள் கடையில் உட்கார்ந்து, எடை போடுகிற அண்ணனிடமும், ஷீட் கொண்டுவருகிறவர்களிடமும், முதலாளியிடமும் தனித்தனியாகக் கேட்டு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முழுக்கத் தமிழில்தான். அதை வைத்து சாஃப்ட்வேரைத் திருத்தினார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. அந்த ஆறு பக்கம் அன்று என் ஃபைலில் இருந்தது. எடுத்தேன். "என்ன டொமைன்?" என்றார்கள், அதாவது எந்தத் தொழில் துறை என்று. ரப்பர் என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். பேங்கிங், இன்சூரன்ஸ் என்றால்தான் டொமைன் போலிருக்கிறது.

இதற்கிடையே '45 நாளில் பிசினஸ் அனலிஸ்ட்' என்று ஃபீஸ் வாங்குகிற பயிற்சி மையங்கள் ஒரு பக்கம். அங்கே படித்து முடித்தவர்களை இரண்டு வருட அனுபவம் என்று ரெஸ்யூமேயில் போடச் சொல்கிறார்கள். பொய் எழுதச் சொல்லிக் கொடுப்பவர்களைத் திட்டலாம்தான். ஆனால் மெய் எழுதியவளுக்கு ஆறு நிமிடம்தானே கிடைத்தது? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே படிப்பறிவில் முதலிடம் எங்கள் மாவட்டம். மேடைக்கு மேடை சொல்லிக்கொள்வோம். படித்தவர்கள் பாதிப் பேர் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில் இருக்கிற டெக்னோபார்க் ஐடி வளாகத்துக்கு ரயில் பிடிக்கிறார்கள், மீதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும். சரி, இந்த ஊர் வயிற்றெரிச்சலை உங்களிடம் கொட்டி என்ன ஆகப்போகிறது. மன்னிக்கவும்.

கேட்க வந்ததற்கே வருகிறேன். மூன்று வருடம் வேண்டுமென்றால் மூன்று வருடம் என்று போடுங்கள், நாங்கள் விண்ணப்பிக்கவே மாட்டோம். ஃபிரஷர் என்றால் ஃபிரஷரை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமென்றால் முதல் சுற்றையாவது போனிலோ வீடியோவிலோ வையுங்கள். குலசேகரத்திலும் சிக்னல் கிடைக்கிறது.

நேற்று உங்களில் இன்னொருவரிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. '0 முதல் 1 வருடம், வரும் வெள்ளிக்கிழமை நேரில் வரவும், சென்னை.' அனுபவம் உண்மையில் எத்தனை வருடம் வேண்டும் என்று கேட்டுப் பதில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். ஸ்லீப்பர் தட்கல் புதன்கிழமை காலை 11 மணிக்குத் திறக்கும். தயவுசெய்து அதற்கு முன்னால் ஒரு வரி பதில் போடுங்கள். இந்த முறையும் அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
குலசேகரத்து ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறவள்