சாட்சியப் பதிவு அறைக்கு நன்கொடை கேட்கிறோம்

வடசென்னை மக்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமில் ஓர் அம்மா காலமானார். 1990-இல் இலங்கையிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி வந்தவர். தன் தம்பி எந்த ஒழுங்கை (சந்து) முனையில், எத்தனை மணிக்குச் சுடப்பட்டான், சுட்டவர்களின் சட்டையில் என்ன அடையாளம் இருந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவரிடம் அந்த அம்மா டீ குடிக்கும்போது துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். முறையாகப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டதும், "வா பிள்ளை, எல்லாம் சொல்லுறன்" என்று சம்மதித்தார். எங்களிடம் ரெக்கார்டர் கிடையாது. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம்தான் இரவல் வாங்குவோம். அது முகூர்த்த மாதம், அவருக்கு ஓயாத வேலை. இரண்டு ஞாயிறு தள்ளிப்போனது. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டார்.

இனி இப்படி ஒருவரை இழக்கக் கூடாது என்றுதான் கையேந்துகிறோம்.

இலங்கைப் போரில் ஆயுதம் ஏந்தாத மக்களைப் படையினர் கொன்றதை நேரில் கண்டவர்கள் வடசென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். புழல் முகாமில் மட்டுமல்ல, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வாடகை வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய சாட்சியத்தைக் குரலாகவும் எழுத்தாகவும் பதிவு செய்து, ஒரு நீதிமன்றமோ விசாரணைக் குழுவோ என்றைக்குக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி பாதுகாப்பதுதான் எங்கள் வேலை. வியாசர்பாடியில் எங்கள் படிப்பகத்துக்கு மேல்மாடியில் ஓர் அறையை இதற்காகப் பேசி வைத்திருக்கிறோம்.

இத்தனை வருஷம் கழித்து இதனால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். மிருசுவில் வழக்கைச் சொல்கிறோம். 2000 டிசம்பரில், விட்டுவந்த வீடுகளைப் பார்க்க யாழ்ப்பாணம் மிருசுவிலுக்குப் போன தமிழர்களை இலங்கை ராணுவத்தினர் பிடித்தார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. ஒரே ஒருவர் மட்டும் தப்பி ஓடினார். அவர் வாய் திறந்ததால்தான் புதைகுழி தோண்டப்பட்டது, வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரில் நால்வர் விடுவிக்கப்பட்டார்கள். சுனில் ரத்நாயக்க என்ற ராணுவ சார்ஜென்ட்டுக்கு 2015-இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் கொரோனாவில் அடைந்து கிடந்தபோது, அன்றைய அதிபர் கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். அந்தச் செய்தி வந்த அன்று எங்களில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மரண தண்டனை வேண்டும் என்பவர்கள் அல்ல நாங்கள். ஆனால் எட்டு உயிருக்கு, தீர்ப்பு வந்த பிறகு ஐந்து வருஷம்கூட உள்ளே இல்லை என்றால் அதை எப்படி ஏற்பது? அப்படியும் ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தக் கொலை நடந்தது, செய்தவர் இன்னார் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதிய தீர்ப்பு. மன்னிப்பு கொடுத்தவரால் அதில் ஒரு வரியைக்கூட அழிக்க முடியவில்லை. தப்பி ஓடிய அந்த ஒருவர் பயந்து பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பே இருந்திருக்காது.

யாழ்ப்பாணம் செம்மணியும் அப்படித்தான். 1996 செப்டம்பரில் கிருசாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவி பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் செம்மணி ராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் திரும்பவில்லை. 1998-இல் அந்த நால்வரின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களில் ஒருவரே, முந்நூறு நானூறு உடல்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999-இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2025-இல், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண்ணை வெட்டியபோது மறுபடியும் எலும்புகள் வந்தன. அகழ்வு தொடர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. ஒரு நீலநிறப் பள்ளிப் பையும் பொம்மையும் கிடைத்தன. அந்தப் பை யாருடையது என்று சொல்லக்கூடியவர் ஒருவேளை நம் தெருவிலேயே இருக்கலாம். யார், எப்போது, எந்தப் பாதையில் காணாமல் போனார் என்று பதிவு செய்ய இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை.

அடுத்த நாட்டு ராணுவத்தை மட்டும் கேள்வி கேட்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் கப்பலில் நம் சென்னைத் துறைமுகத்துக்குத்தான் திரும்பி வந்தது. வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. எங்கள் குழுவில் மூத்தவர் அப்போது துறைமுகத் தொழிலாளி. இறங்கி வந்த பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது என்பார். அந்தப் படையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதே படை 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் மக்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை. நாகாலாந்தின் ஓட்டிங்கில் 2021 டிசம்பரில், சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிய கூலிக்காரர்களை நம் ராணுவம் சுட்டது. அந்த நிகழ்வின் தொடர்ச்சியில் பொதுமக்கள் 14 பேர் இறந்தார்கள். 30 படையினர் மீது மாநில போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டது, 2024-இல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

கிழக்கிலங்கைக் காத்தான்குடியையும் விடமாட்டோம். 1990 ஆகஸ்ட் 3 அன்று பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்பதே உயிர்தப்பியவர்களின் சாட்சியம். இதைச் சொன்னதற்காகப் பெரிய தொகை தருவதாக இருந்த ஒருவர் பின்வாங்கினார். வருத்தம்தான். ஆனாலும் எந்தச் சீருடை என்று பார்த்துப் பதிவு செய்தால் அதற்குச் சாட்சியம் என்ற பெயர் பொருந்தாது.

படையில் இருந்தவர்களையும் அழைக்கிறோம். 1968-இல் வியட்நாமின் மி லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றபோது, ஹெலிகாப்டரைக் குறுக்கே இறக்கி மக்களைக் காப்பாற்றிய ஹியூ தாம்சனும் ஒரு படைவீரர்தான். அது வெளியே வரக் காரணமான கடிதத்தை எழுதிய ரான் ரைடனாவரும் படையில் இருந்தவர்தான்.

நன்கொடை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஜாலியன்வாலா பாகில் சுட்ட ஜெனரல் டயரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள், வழக்கு போடவில்லை. லண்டன் பத்திரிகை ஒன்று அவருக்காக நிதி திரட்டி 26,000 பவுண்டுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. நாம் தினமும் பஸ்ஸில் கடக்கும் பாரிமுனை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சங்கரன் நாயர், பஞ்சாபில் நடந்ததை எதிர்த்து வைஸ்ராய் சபைப் பதவியை விட்டவர். பஞ்சாபின் முன்னாள் லெப்டினன்ட் கவர்னரைக் குற்றம் சொல்லி எழுதியதற்காக, 500 பவுண்டு நஷ்டஈடு கட்டும்படி லண்டன் நீதிமன்றம் 1924-இல் நாயருக்கு உத்தரவு போட்டது. கொன்றவருக்கு ஊர் கூடிப் பணம் கொடுத்தது, கேட்டவர் தன் கையிலிருந்து கட்டினார். இந்த முறை கேட்பவர் பக்கம் ஊர் நிற்கட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ரெக்கார்டர் இரண்டு, மைக்கோடு சேர்த்து 42,000 ரூபாய். ஸ்கேனர் 38,000. இரும்பு பீரோ இரண்டு 34,000. மூன்று வெவ்வேறு இடங்களில் வைக்க மூன்று ஹார்டு டிஸ்க் 21,000. அறைக்கு முன்பணம் 50,000, ஓராண்டு வாடகை 72,000. அறுபது மணி நேரக் குரலைக் கேட்டு எழுத 90,000. மிருசுவில் முதலான தீர்ப்புகளின் சாரத்தை எளிய தமிழில் 500 பிரதி அச்சிட 58,000. மொத்தம் 4,05,000. இதுவரை சேர்ந்தது 1,12,500.

மேல்மாடி எதற்கு என்று கேட்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் ஒரு டிரங்குப் பெட்டி மூழ்கி, முப்பது வருஷம் காத்த இறப்புச் சான்றிதழும் புகைப்படங்களும் கூழாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

சாட்சி சொல்பவருக்குப் பணம் தரமாட்டோம், ஆட்டோ செலவு மட்டும்தான். காசு கைமாறினால் சாட்சியத்துக்கு மதிப்பு போய்விடும். கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று பிரித்தே எழுதுவோம். அவர் அனுமதி இல்லாமல் பெயர் வெளியே வராது. 2021 முதல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கை குறித்த ஆதாரங்களைச் சேகரிக்கிறது. அங்கே அனுப்புவதா வேண்டாமா என்பதும் அவர் முடிவுதான்.

கட்சிகளிடம் வாங்குவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவுகள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அதற்கான அரசுப் பதிவு எங்களிடம் இல்லை, சட்டப்படி வாங்க முடியாது. மற்றவர்கள் ஐம்பது ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. ஞாயிறு காலை பத்து முதல் ஒரு மணி வரை படிப்பகத்தில் இருப்போம், வரவு செலவு நோட்டு மேசை மேலேயே இருக்கும். பணம் முடியாதவர்கள் தட்டச்சுக்கோ, ஈழத்துப் பேச்சு புரிந்து எழுதவோ வாருங்கள்.

அடுத்த மாதம் புழலில் இருவரையும் திருவொற்றியூரில் ஒருவரையும் பதிவு செய்ய நாள் குறித்திருக்கிறோம். திருவொற்றியூர் ஐயாவுக்கு வயது 84. அதற்குள் ரெக்கார்டராவது வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
சாட்சியப் பதிவுக் குழுவினர், வியாசர்பாடி