லோங்கேவாலாவுக்குப் பேட்டன் டாங்கி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டிசம்பர் 16 வெற்றி தினக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் மனமுருகி எழுதியிருக்கிறார், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நடுவில் அரைப் பக்கத்துக்கு ஒரு பழைய செய்திப்படக் காட்சியைப் போட்டு, அதன் கீழே "லோங்கேவாலா, 1971: நம் வீரர்கள் நொறுக்கிய பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலுள்ள லோங்கேவாலாவுக்கு அமெரிக்கப் பேட்டன் டாங்கி வரவே இல்லை. 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரியின் ராணுவக் காவல் முகாமை நோக்கி வந்தவை சீனத்து டி-59 டாங்கிகளும் சில ஷெர்மன் டாங்கிகளும்தான். நீங்கள் போட்டிருப்பது 1965 செப்டம்பரில், பஞ்சாபின் கேம்கரண் பக்கம், அசல் உத்தரில் பிடிபட்ட பேட்டன். படத்தின் ஓரத்தில் கரும்பு நிற்கிறதே, யாரும் பார்க்கவில்லையா? தார் பாலைவனத்தில் ஏது கரும்பு? டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையில் சேறு அப்பியிருக்கிறது. வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சி, வந்த பேட்டன்களைச் சிக்கவைத்த சேறு அது.

கரும்பையும் சேற்றையும் விடுங்கள், சக்கரத்தை எண்ணினாலே தெரிந்திருக்கும். டி-59க்குப் பக்கத்துக்கு ஐந்து சக்கரம், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி அதிகம். மேலே பீரங்கி பொருத்திய கூண்டு, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி உருண்டு தாழ்ந்திருக்கும். பேட்டனுக்கு ஆறு சக்கரம். அதிலும் உங்கள் படத்தில் இருப்பது எம்-47 என்ற பழைய வகைப் பேட்டன். கூண்டின் பின்பகுதி நீளமாகப் பின்னால் தள்ளி நிற்கிறது, உடம்பின் முன்பக்கத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக இன்னொரு ஆள் உட்கார்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கி தெரிகிறது. பின்னால் வந்த எம்-48இல் அந்தத் துப்பாக்கியும் இல்லை, அந்த ஐந்தாவது ஆளும் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அங்கே செய்த விஜயந்தா டாங்கியின் சக்கரங்களையும், அவற்றைத் தாங்கும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரையும் என் கையால் பூட்டியிருக்கிறேன். அதனால்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் இதழில், பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பால் 1971இன் பசந்தர் போரில் விஜயந்தாவில் இருந்து போரிட்டார் என்று வந்தபோதும் எழுதினேன். அவர் உயிர் விட்டது செஞ்சூரியன் என்ற பிரிட்டிஷ் டாங்கியில். அந்த டாங்கிக்கு ஃபமகுஸ்டா என்று பெயர்கூட உண்டு. இரண்டுக்கும் ஆறு சக்கரம்தான், ஆனால் செஞ்சூரியனில் அவை ஜோடி ஜோடியாகப் பொருத்தப்பட்டிருக்கும், விஜயந்தாவில் ஒவ்வொன்றும் தனித்தனி. நாங்கள் செய்த வண்டிக்கு வேறொரு வண்டியின் பெருமை வேண்டாம் என்று எழுதினேன். கடிதத்தை இரண்டு வரியாகச் சுருக்கி, "கட்டுரை அருமை" என்ற பகுதியை மட்டும் போட்டீர்கள்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. ஒரு தொலைக்காட்சியில் 1965 போர் பற்றிய நிகழ்ச்சி முழுக்க விஜயந்தா ஓடிக்கொண்டிருந்தது. ஆவடியில் முதல் விஜயந்தா வெளியே வந்ததே 1965 கடைசியில், சண்டை செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. தொலைபேசியில் சொன்னதற்கு, "சார், டாங்கி எல்லாம் ஒண்ணுதானே" என்றார் ஒரு தம்பி.

ஒன்றில்லை. எங்கள் தெருவில், டாங்கிப் படையில் ஹவில்தாருக்குச் சமமான தஃபேதாராக ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். 1971இல் டி-55 டாங்கி ஓட்டியவர். எதிரியின் டி-59உம் நம்முடைய டி-55உம் ஒரே ரஷ்ய வார்ப்பிலிருந்து வந்தவை, தூசியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நம் ஆட்களே நம் வண்டியைச் சுட்டுவிடக் கூடாது என்று, பீரங்கிக் குழலின் நடுவில் வெறும் தகரத்தில் ஒரு போலி உருளையை மாட்டினார்கள். அந்த உருளையைப் பார்த்துத்தான் நம்மவன் என்று அறிந்தார்கள். "அந்தத் தகரத்தை நம்பித்தான் உள்ளே உட்கார்ந்திருந்தோம்" என்பார் அவர். அந்த உருளை மாட்டிய நம் டாங்கியின் படத்தைக்கூட "கைப்பற்றப்பட்ட பாகிஸ்தான் டாங்கி" என்று போட்டதை நான் பார்த்திருக்கிறேன். புகையிலும் புழுதியிலும் ஒரு நொடியில் அவர்கள் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. மேசையில் வைத்து நிதானமாகப் பார்க்க நமக்கு நேரம் இருக்கிறது. அப்படியும் பார்க்கவில்லை என்றால், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்?

லோங்கேவாலாவுக்குப் படம் கிடைக்காமலும் இல்லை. ஜெய்சல்மேரிலிருந்து பறந்த ஹண்டர் விமானங்களுக்குத் தப்பிக்க, டாங்கிகள் மணலில் வளைந்து வளைந்து ஓடிய தடங்கள் வானிலிருந்து எடுத்த படங்களில் தெளிவாக இருக்கின்றன. அதைப் போட்டிருக்கலாம்.

அடுத்த இதழில் ஒரு சிறிய திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலும் படத்தின் கீழுள்ள வரியை மாற்றிவிடுங்கள். இனி போர்ப் படம் எதையாவது போடுமுன் எனக்கு அனுப்பினால், அன்றே பார்த்துச் சொல்கிறேன், எனக்குச் சன்மானம் எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், டி-59 என்ற பெயரையாவது வெட்டாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஆவடி