கூண்டை எங்கே வைப்பது

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் புது எலிகளின் கூண்டை எங்கே வைப்பது என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் பார்த்தேன். பால்கனி, பெட்ரூம் ஜன்னலோரம், ஹாலில் டிவிக்குப் பக்கம். கீழே ஒரே வரி: "கூண்டுக்கு எந்த இடம்மா நல்லது?" போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் சரிம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்றுமே வேண்டாம்.

நீ ஹாஸ்டலுக்குப் போனபோது உன் பழைய எலிகள் சுண்டுவையும் வெள்ளையம்மாவையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். எலியின் ஆயுசே இரண்டு, மூன்று வருஷம்தான். அதில் பெரும்பகுதி அவை என்னோடுதான் இருந்தன. அந்தக் காலத்தில் கூண்டை நான்கு இடம் மாற்றினேன். லீவுக்கு வந்தபோது பார்த்ததால் கடைசி இரண்டு இடம் உனக்குத் தெரியும். முதல் இரண்டை நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே.

நீ கிளம்பிய மறுநாளே கூண்டைப் பால்கனியில் வைத்தேன். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், நாற்றமும் வீட்டுக்குள் வராது என்று என் கணக்கு. காலையில் அங்கே நிழல்தான். பதினொரு மணிக்கு மேல் வெயில் திரும்பும் என்பதை நான் யோசிக்கவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால், வெள்ளையம்மா கூண்டின் தரையில் வயிற்றை ஒட்டிப் பப்பரப்பே என்று கிடக்கிறாள். வாய் திறந்திருந்தது, மோவாய் முழுக்க எச்சில். வாலைத் தொட்டேன், சுட்டது. மெழுகுவர்த்தி போல மெல்லிசான அந்த வாலில் அவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

உள்ளே தூக்கி வந்து வாலையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்தேன். நல்லவேளை, ஐஸ் தண்ணீரை எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. டாக்டரிடம் கொண்டுபோனபோது, அது ஒரேயடியாகக் கெடுத்திருக்கும் என்றார். எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட அதற்கு முக்கியமான வழி முடியில்லாத வால்தான். வாலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், அங்கிருந்து சூடு காற்றில் போகும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் வால் என்ன செய்ய முடியும்? எச்சிலை ரோமத்தில் தடவிக்கொண்டு சமாளித்துப் பார்க்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். 18 முதல் 24 டிகிரி வரை எலிக்குச் சுகம் என்றும், 30ஐ நெருங்கினாலே ஆபத்து என்றும் டாக்டர் சொன்னார். அன்று ராத்திரி நீ போன் செய்தாய். "ரெண்டும் ஜோராக இருக்கின்றன" என்று சொல்லிவிட்டேன்.

ஆக, பால்கனி கிடையாது. வெயில் மட்டும் காரணம் இல்லை. வெளி எலிகள் ராத்திரியில் அந்தப் பக்கம் வரும். அவற்றின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நம் எலிக்குத் தொற்றினால் அடுத்தது கூண்டைக் கழுவுகிற உன் கைக்குத்தான். பக்கத்து வீட்டுப் பூனை கைப்பிடிச் சுவரில் ஒருமுறை நடந்துவிட்டுப் போனாலும் போதும். பிறந்ததிலிருந்து பூனையையே பார்க்காத எலிகூட அந்த வாசனைக்கு விறைத்துப்போகும்.

ஜன்னலோரமும் கிட்டத்தட்ட இதே கதைதான், கண்ணாடி வழியாக வரும் வெயில் இன்னும் மோசம். போட்டோவில் உன் புது எலிகளில் ஒன்றுக்கு வெள்ளை ரோமம், சிவப்புக் கண். நம் வெள்ளையம்மாவும் அந்த ரகம்தான். நின்ற இடத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாளே, "பாட்டு கேக்குறா" என்று சொல்லிச் சிரிப்பாயே? அது பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. கண்ணில் நிறமி இல்லாததால் அவளுக்குப் பார்வை மட்டு. எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் தலையை ஆட்டிப் பார்ப்பாள். அந்த மாதிரிக் கண்ணுக்குப் பளிச்சென்ற வெளிச்சம் நாள்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் விழித்திரையே கெட்டுப்போகும்.

இரண்டாவது இடம் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் சின்ன அறை. பால்கனியில் பட்ட பயத்தில் குளிர்ச்சியான இடம் தேடி அங்கே கொண்டுபோனேன். குளிர்ச்சிதான். ஆனால் ஈரம், போதாததற்கு ஷெல்ஃபில் தரை கழுவும் திரவமும் சோப்புத் தூளும். கதவைச் சாத்தினால் காற்றுக்கு வழியில்லை. பத்து நாளில் சுண்டு தும்ம ஆரம்பித்தாள். ஒரு நாள் காலையில் அவள் மூக்கோரமும் கண்ணோரமும் சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ரத்தம் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வருகிற போர்ஃபிரின் என்ற சிவப்புப் பொருள். எலிக்கு மனசோ உடம்போ சரியில்லை என்றால் அது கூடுதலாகக் கசியும்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கு அடுத்த விஷயம். வளர்ப்பு எலிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குள்ளும் மைகோபிளாஸ்மா என்ற நுரையீரல் கிருமி ஏற்கெனவே குடியிருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். காற்று கெட்டால் எழுந்துவிடும். எலி மூத்திரத்திலிருந்து அமோனியா வரும். நீயும் நானும் நின்றபடி மோந்து பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியலையே" என்போம், அவை படுத்திருக்கும் தரையில் அது எத்தனையோ மடங்கு அதிகம். அதனால் மூடிய அறை, குளியலறைப் பக்கம், தாளிக்கும் புகை வரும் சமையலறை எதுவும் கூடாது. கொசுவத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் கூண்டு இருக்கும் அறைக்குள்ளேயே வரக்கூடாது. இதில் உன்னை எனக்கு நம்பிக்கை இல்லை, நீ ஸ்ப்ரேயில் குளிக்கிற ஆள்.

மூன்றாவது, ஹாலில் டிவி பக்கம். நீயே பார்த்த இடம். "என்னம்மா, ரெண்டும் வெளியவே வர மாட்டேங்குது?" என்று கேட்டாய். வயசாகிறது என்றேன். உண்மையில் எனக்கும் புரியவில்லை. கூண்டின் பின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்தே கிடந்தன. நீ திரும்பிப் போன பிறகு ஒரு நாள் பெருக்கும்போதுதான் டிவிக்குப் பின்னால் பிளக்கில் ஒரு வெள்ளை டப்பா செருகியிருப்பதைப் பார்த்தேன். சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா எப்போதோ வாங்கி மாட்டிய எலி விரட்டி!

வீட்டில் எலியையும் வளர்த்துக்கொண்டு எலி விரட்டியையும் ஓடவிட்ட குடும்பம் நம்முடையது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது, எலிக்கு 80,000 வரை கேட்கும். அவை தங்களுக்குள் பேசிக்கொள்வதே பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத சுருதியில்தான். குஷியாக இருந்தால் 50,000 வாக்கில், பயந்தால் 22,000 வாக்கில். அந்த டப்பா சத்தம் போடுவதும் அந்த உயரத்தில்தான். அதைக் கழற்றிய மூன்றாம் நாள் சுண்டு கதவருகே வந்து என் விரலை நக்கினாள். டப்பாதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், டிவி சத்தத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். சார்ஜர், சில டியூப் லைட் எல்லாம்கூட நமக்குக் கேட்காமல் கீச்சிடும் என்கிறார்கள். உன் டிவிக்குப் பின்னால் நான் எண்ணியவரை ஐந்து பிளக். வயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? எலியின் முன்பல் வருஷத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தேய்க்க ஏதாவது வேண்டுமே, கம்பிக்கு எட்டும் தூரத்தில் இருப்பதையெல்லாம் உள்ளே இழுத்துவிடும்.

பெட்ரூமில் ஜன்னலை விட்டு வேறு மூலையில் வைக்கிறேன் என்பாய். வைக்காதே. ஏழு வயசு வரை உனக்கு இழுப்பு இருந்தது. எலியின் மூத்திரத்தில் இருக்கும் புரதம் காய்ந்து தூசியோடு பறக்கும், அலர்ஜி கிளம்புவதே அதில்தான். எட்டு மணி நேரம் அதை மூச்சில் இழுத்துக்கொண்டு தூங்க வேண்டுமா? தூக்கம் என்று ஒன்று வந்தால்தானே! நீ படுக்கும்போதுதான் அவற்றுக்கு விடியும். சக்கரம் கரகரவென்று ஓடும், தண்ணீர் பாட்டில் முனையில் இருக்கும் குண்டு டொக் டொக் என்று அடிக்கும். இரண்டாம் நாள் நீயே தூக்கிப் பால்கனியில் வைத்துவிடுவாய்.

நான்காவது இடத்துக்கு நான் யோசித்துப் போகவில்லை. ஹால் வெறுத்துப்போய், நான் கணக்கு எழுதும் மேஜைக்கு எதிர் மூலையில் கூண்டை வைத்தேன், அவ்வளவுதான். அங்கே இருந்த வரைக்கும் இரண்டும் நிம்மதியாக இருந்தன. இரண்டு பக்கமும் சுவர் இருந்ததால் முதுகுக்குப் பயமில்லை. கூண்டு ஒரு பழைய மேஜைமேல், என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. தரையில் வைத்தால் நம் கை மேலேயிருந்து இறங்கும், எலிக்கு அது பருந்துதான். மேஜை உயரத்தில் கை பக்கவாட்டில் போகும், அது பயப்படாது. சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் விட்டுவிடு. நான் அதை விடாததால் திரைச்சீலையின் ஒரு மூலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டுக்குள் போய்க் கூடாகிவிட்டது. மீதித் திரைச்சீலை இன்னும் தொங்குகிறது, வரும்போது பார்.

ஆனால் சுவரும் உயரமும் எல்லாம் இரண்டாம்பட்சம். தினமும் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பது வரை நான் அங்கே உட்கார்ந்திருப்பேன், எலிகள் எழுந்து நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். ஒரு நாள் பேனாவை வைத்துவிட்டுச் சும்மா நிமிர்ந்தபோது, சுண்டு ஊஞ்சல் துணியில் படுத்திருந்தாள். மூச்சு விடும்போது விலா உள்ளே ஒடுங்கி ஒடுங்கி எழுந்தது. மற்றபடி ஒன்றுமில்லை, கொடுத்ததைத் தின்றாள், கூப்பிட்டால் வந்தாள். எலி உடம்புக்கு முடியாததைக் கடைசிவரை காட்டிக்கொள்ளாது. காட்டினால் காட்டில் வேறு ஏதாவது தின்றுவிடும் என்பதால் வந்த பழக்கமாக இருக்கும். மறுநாளே டாக்டரிடம் போனேன், ஆன்டிபயாடிக் கொடுத்தார், பிறகும் ஐந்து மாசம் இருந்தாள். வாஷிங் மெஷின் அறையில் இருந்திருந்தால் கூண்டு கழுவும் நாள் வரை எனக்குத் தெரிந்திருக்காது, பாப்பா.

அதனால் உனக்கான இடத்தை உன் போட்டோவிலேயே கண்டுபிடித்துவிட்டேன். டிவியை எடுத்த படத்தின் இடது ஓரத்தில் பாதி நாற்காலி தெரிகிறது, அதன்மேல் லேப்டாப்பும் உன் ஸ்வெட்டரும். நீ வேலை முடிந்து வந்து உட்காரும் இடம் அதுதானே? அந்த நாற்காலிக்கு எதிரே புத்தக ஷெல்ஃபுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூலை இருக்கிறது பார், அங்கே வை. டிவியிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ஜன்னலும் எதிரில் இல்லை.

வைக்கும் முன்னால் ஒரு நாள் பொறு. கூண்டு வரப்போகிற உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக் காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் குறித்துக்கொள். ஒரு டிஷ்யூவை நீளமாகக் கிழித்து நூலில் கட்டி அங்கே தொங்கவிடு. ஏசி ஓடும்போது அது ஆடினால், அந்தக் காற்று நேராக எலிமேல் அடிக்கப்போகிறது என்று அர்த்தம், கூண்டைக் கொஞ்சம் நகர்த்து. ராத்திரி நீ விழித்திருக்கும் நேரமெல்லாம் ஹால் விளக்கு எரியுமே, கூண்டின் பின்பாதிக்கு ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிடு. முழுசாக மூடாதே, காற்றுப் போக வேண்டும். ஒரு தடவை வைத்தபின் நான் செய்தது போல ஊர்வலம் விடாதே. ஒவ்வொரு தடவையும் புது இடத்தின் சத்தமும் வாசனையும் பழகி முடிக்க அவற்றுக்கு நாலைந்து நாள் பிடிக்கிறது.

தெர்மாமீட்டர் கணக்கை எனக்கு அனுப்பு. சரிம்மா என்று மட்டும் அனுப்பாதே, எண்ணை அனுப்பு.

அப்புறம் இன்னொன்று. சுண்டு போன பிறகு அப்பா அந்த வெள்ளை டப்பாவை மறுபடி பிளக்கில் மாட்டிவிட்டார். எலிகளை ஒருமுறை கூட்டி வருவதாகச் சொன்னாயே, வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லு. கழற்றி வைக்கிறேன்.

அம்மா