அப்பச்சி வண்டிக்குப் பாட்டு செட் வைக்கப்போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்தில் ஆள் உட்காரும் இடத்தை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி. அதில் கீழ்ச்சத்தத்துக்கென்றே உள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், சப்வூஃபர் என்பார்களே, அது இரண்டு. மேலே, சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் நீல விளக்கு ஆம்ப்ளிஃபயர். "முப்பத்தைந்தாயிரம் கேட்கிறார்கள் மாமா, அப்பச்சி வண்டிக்கு வைத்துவிடலாமா?" என்று கேட்டிருந்தாய். போனில் ஒரே சொல்லில் வேண்டாம் என்றால் உன் மனது வாடிப்போகும். ஏன் வேண்டாம் என்பதும் புரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பழைய டாடா 207-ஐயோ பொலிரோ பிக்கப்பையோ வைத்துக்கொண்டு இதே ஆசையில் இருக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

செட் மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. உடுமலையில் தேங்காய் ஏற்றி, தாராபுரத்தைத் தாண்டி, காங்கேயம் உலர்களத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் ஒருவனுக்குப் பாட்டு வீண்செலவு ஆகாது. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது பக்கத்தில் ஒரு குரல் இருக்க வேண்டும். உன் அம்மாவைப் பெற்ற அப்பச்சிக்கு அந்தக் குரல் டேப்பில் இருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே அட்டைப் பெட்டி நிறையக் கேசட்டுகள். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கியவை பாதி. மீதிப் பாதி, நம் ஊர்க் கோயில் திண்ணையில் விடிய விடிய நடந்த உடுக்கடிக் கதையை அவரே பக்கத்தில் உட்கார்ந்து பதிந்தவை.

ஒருமுறை உறவுக்காரர் ஒருவரின் புது வேனில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரிய பெட்டி வைத்த வண்டி, கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. இறங்கியதும் என்னிடம் சொன்னார்: "ஓசை வருகிறதப்பா, சொல் வரவில்லையே." அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் இந்தக் கடிதம் முழுவதையும் எழுதுகிறேன். அவர் வண்டியில் சொல் கேட்க வேண்டும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். செட் கடையில் யாரும் இதைப் பேசுவதில்லை. நீ பார்த்த ஆம்ப்ளிஃபயரின் பெட்டியில் என்ன எண் போட்டிருந்தாலும், ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கும் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி மட்டுமே நம்பத்தக்கது. அது ஆயிரம் வாட்ஸ் என்றே வைத்துக்கொள். நூற்றுக்கு எண்பது பங்கு பலன் தரும் டி வகை ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும், பதின்மூன்றரை வோல்ட்டில் அது முழு வேகத்தில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நம் வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் மேல் தகட்டில் பொறித்திருக்கும் ஆம்பியர் எண்ணைத் துடைத்துப் படித்துப் பார். அவ்வளவு இருக்காது. இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும் நேரத்தில் மீதியைப் பேட்டரியிடம்தான் பிடுங்கும். இரண்டு மாதத்தில் காலையில் தள்ளி ஸ்டார்ட் செய்யும் நிலைக்கு வந்துவிடுவாய்.

இன்னொன்று, இது பழைய பிக்கப் வண்டிகளுக்கே உரிய கோளாறு. கேபின், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் நேராக உட்கார்ந்திருக்கவில்லை. ரப்பர் புஷ்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் ஓடாது. அதனால் கேபினுக்கு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, கொடுக்கத் தனியாக ஒரு செம்புப் பட்டை இருக்கும். இருபது வருடச் சேறும் தண்ணீரும் பட்டு அது பச்சைப் பூத்துக் கிடக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையைக் கேபினில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுப் பார். பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போய்விட்டது என்று அர்த்தம். புதுப் பட்டை போட்ட அன்றே ஹெட்லைட்டும் ஒரு படி பிரகாசமாக எரியும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙீ' என்று ஒரு இரைச்சல் ஏறுகிறதே, அதற்குப் பல வண்டிகளில் காரணம் இந்த எர்த்துதான். கடைக்காரர் ஃபில்டர் என்று ஒன்றை விற்பார். முதலில் எர்த்தைச் சரி செய்.

இஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு ஒரு ரூபாய் செலவு செய்யலாம்.

ஃபியூஸ் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 2011-இல் என் ஆம்னியில் ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயர் மாட்டினார்கள். பேட்டரியிலிருந்து வந்த ஒயரில் ஃபியூஸே இல்லை. இரும்புத் தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல் உள்ளே இழுத்திருந்தார்கள். வெள்ளகோவில் தாண்டும்போது தகட்டு விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. புகை வந்தது. பின்சீட்டில் உன் அம்மாவும் மூன்று வயதில் நீயும். பேட்டரிக் கம்பியைக் கையால் பிடுங்கினேன். உள்ளங்கையில் இருக்கும் தழும்பு அப்போது வந்தது. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் வண்டியைக் கடையிலிருந்து எடுக்காதே. ஒயர் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடு.

இனி ஸ்பீக்கர். அப்பச்சி வண்டியில் இப்போது முதுகுக்குப் பின்னால் பலகையில் இரண்டு நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. பாட்டு பிடரியில் வந்து விழுகிறது. நாம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள். குரலும் முன்னாலிருந்து வர வேண்டும். இரண்டு கதவிலும் ஆறரை அங்குல ஸ்பீக்கர், மேல்சத்தம் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் தனியாகப் பிரிந்த ஜோடி, ட்வீட்டர் டேஷ்போர்டின் இரு ஓரத்தில். இவ்வளவு போதும். அறுப்பதற்கு முன் கதவுக் கண்ணாடியை முழுதாக இறக்கி, உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்துகொள். அளக்காமல் அறுத்துவிட்டுக் கண்ணாடி இறங்காமல் என் பட்டறைக்கு வந்த வண்டிகள் எத்தனையோ.

வாட்ஸைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதே. அட்டையில் சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண் இருக்கும், அதைப் பார். மூன்று டெசிபல் கூடினால், ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றும் 92 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முதலாவதை இரண்டாவதின் அளவுக்குப் பாட வைக்க நான்கு மடங்கு மின்சாரம் கொட்ட வேண்டும். பழைய வண்டிக்காரன் காசையும் பேட்டரியையும் ஒருசேரக் காப்பாற்றும் எண் இது. ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோன் காகிதமாக இல்லாமல் பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். மழைக்காலத்தில் கதவுக்குள் தண்ணீர் இறங்கும்.

கதவைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் உன் முப்பத்தைந்தாயிரத்தில் ஐந்து பைசாகூட அதற்குப் போகவில்லை. அந்தக் கதவை விரலால் தட்டிப் பார், எண்ணெய் டின் போலச் சத்தம் வரும். ஸ்பீக்கர் பாடும்போது தகடும் சேர்ந்து பாடுகிறது, அதனால்தான் சொல் குழம்புகிறது. போதாக்குறைக்குக் கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள். ஸ்பீக்கரின் பின்பக்கத்து அலை அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து முன்பக்கத்து அலையை அழித்துவிடுகிறது. பாஸ் இல்லை, கீழ்ச்சத்தம் இல்லை என்று எல்லோரும் பெட்டி வாங்கப் போவது இதனால்தான். பாஸ் இருக்கிறது, ஓட்டையில் போய்விடுகிறது. வெளித்தகட்டின் உட்புறம், அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்டு. மூன்றில் ஒரு பங்கு பரப்பு மூடினாலே அதிர்வு அடங்கிவிடும். உள்தகட்டு ஓட்டைகளை முழுதாக மூடு. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தொடாதே, அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். பிறகு தட்டிப் பார், மரக்கதவைத் தட்டுவது போல இருக்கும். கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் விலை குறைவு என்று யாராவது சொல்வார்கள். சித்திரை வெயிலில் களத்தில் நிற்கும் வண்டிக்குள் அது இளகி வழியும், நாற்றம் தலைவலி கொடுக்கும்.

மீதம் இருந்தால் அதே ஷீட்டைக் காலடியிலும் இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டிலும் ஒட்டு. டீசல் இஞ்சின் உறுமலை அடக்கிய அளவுக்குப் பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு எந்தச் செட்டும் கேட்காது, அதை ஒத்துக்கொண்டுவிடு.

பாட்டை ஓட்டும் டெக் எளிது. பதினெட்டு சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் உயரம் உள்ள பழைய துளைக்கே புளூடூத்தும் யுஎஸ்பியும் உள்ளவை கிடைக்கின்றன. திரை வைத்தது வேண்டாம்; இரவில் கண்ணைக் கூசும். '50x4' என்று முகப்பில் எழுதியிருப்பது உச்ச அளவு. உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட்ஸ்தான் தரும். அது போதாது என்று தோன்றினால் ஐம்பது ஐம்பது வாட்ஸ் தரும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, 6 சதுர மி.மீ. செம்பு ஒயர், 20 ஆம்பியர் ஃபியூஸ். ஆம்ப்ளிஃபயரில் உள்ளே வரும் ஒலிக்கு ஏற்ப அமைக்கும் கெயின் திருகை வால்யூம் என்று நினைத்துக் கடைசி வரை திருப்பிவிடாதே, கரகரக்கும் சத்தம் ட்வீட்டரின் சுருளை எரித்துவிடும். ஆறு மாதம் ஓட்டிய பிறகும் கீழ்ச்சத்தம் போதவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் நுழையும் எட்டு அங்குலத் தட்டை சப்வூஃபர் ஒன்றை நானே வாங்கித் தருகிறேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்க வேண்டும். அப்பச்சி அந்த இடத்தில் எத்தனை பேரை ஏற்றி வந்திருக்கிறார் என்று உன் அம்மாவிடம் கேள்.

ஏரியலை மறந்துவிடாதே. அடிப்பாகம் துருப்பிடித்து ஒயர் அறுந்து கிடக்கிறது, பார்த்தேன். பண்பலை நேர்க்கோட்டில் போகும் அலை, உயரத்திலிருந்து வந்தால் நெடுந்தூரம் எட்டும். கொடைக்கானல் மலைமேலிருந்து வரும் கோடை பண்பலை 100.5 நம் தடத்தில் நன்றாகக் கிடைக்க வேண்டும். அப்பச்சிக்குக் கிடைத்தது. நூறு, இருநூறு ரூபாய் வேலை அது.

அந்த அட்டைப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. கேசட்டுகளில் ஒன்பதைக் கணினியில் ஏற்றிவிட்டேன். இரண்டில் நாடா ஒட்டிக்கொண்டிருந்தது, மெதுவாகப் பிரித்துச் சுற்றினேன். உடுக்கையின் தோல் இறுகித் தளரும்போது ஓசை ஏறி இறங்குகிறதே, அது தெளிவாக இருக்கிறது. கதைப்பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் அப்பச்சி "ம்" கொட்டுகிறார். அவர் பதிந்த காலத்தில் அது எனக்குக் காதில் விழுந்ததே இல்லை. நல்ல ஸ்பீக்கரில் கேட்ட பிறகுதான் அது அவர் குரல் என்று தெரிந்தது.

பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேங்காய் லோடு எடுக்காதே. வண்டியைக் கழுவி, மிதியடி விரிப்புகளை எடுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கொண்டு வா. எர்த் பட்டையும் கதவில் ஸ்பீக்கரைப் பொருத்தும் மரவளையமும் தயாராக இருக்கின்றன. ஸ்பீக்கர் மட்டும் உன் காசில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா